மிச்சமிருக்கும் கண்ணுக்குக் காவல்

கேள்வி: டெல்லியில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர். விடுதியில் என் அறைத்தோழி காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தைச் சேர்ந்தவள். 2016-இல் அவள் தம்பிக்கு இடது கண்ணில் பெல்லட் (போராட்டக் கூட்டத்தைக் கலைக்கப் பாதுகாப்புப் படையினர் சுடும் சிறு உலோக உருண்டை) பாய்ந்தது. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. நான்கு அறுவை சிகிச்சை ஆகியும் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. அவனும், பக்கத்து ஊர்களில் இதேபோல் அடிபட்ட ஆறு பேரும் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆரம்பத்தில் ஆறுதலாக இருந்ததாம். இப்போது பழசைப் பேசிப் பேசி மனம் கனத்துத் திரும்புகிறார்கள்; இருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். "இதைத்தானே படிக்கிறாய், என்ன செய்யலாம் சொல்" என்கிறாள் தோழி. குளிர்கால விடுமுறையில் அவளோடு ஊருக்குப் போகிறேன். அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஏழு பேரின் கூட்டம் தோற்றுவிடவில்லை. அதற்கு ஒரு வேலை இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே மாதிரி அடிபட்டவர்கள் முதலில் சந்திக்கும்போது 'எனக்கு மட்டுமில்லை' என்று தெரிவதே பெரிய நிம்மதி. நான்கைந்து கூட்டத்தில் அது தீர்ந்துவிடும். பிறகும் அதே நாளையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தால், ஒருவருடைய கெட்ட கனவை இன்னொருவர் வீட்டுக்குச் சுமந்து போவதில்தான் முடியும். அவர்களுக்குள் செய்துகொள்ள வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் முதலாவது, மிச்சமிருக்கும் கண்களைக் காவல் காப்பது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பெல்லட் சுடும் '12-போர்' (bore) ரகத் துப்பாக்கியின் ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கான சிறு உலோக உருண்டைகள் இருக்கும். சுட்டதும் அவை விரிந்து சிதறும். குறி என்று ஒன்று கிடையாது. தீவிரவாத அமைப்பின் தளபதி புர்ஹான் வானி கொல்லப்பட்டுப் போராட்டம் வெடித்த 2016 ஜூலை 8-க்குப் பிறகான 32 நாட்களில் சுமார் 13 லட்சம் பெல்லட்டுகளைப் பயன்படுத்தியதாக மத்திய ரிசர்வ் போலீஸ் படையே உயர்நீதிமன்றத்தில் சொன்னது. பெல்லட்டால் காயம்பட்டவர்கள் 6,221 பேர், அவர்களில் கண்ணில் அடிபட்டவர்கள் 728 பேர் என்று அப்போதைய முதல்வர் மெஹபூபா முஃப்தி சட்டமன்றத்தில் கணக்குச் சொன்னார். உருண்டை கண்ணின் முன்பக்கம் நுழைந்து பல நேரம் பின்பக்கமும் துளைத்துப் போய்விடும். போன பாதையில் தழும்புத்திசு வளர்ந்து, வாரங்கள் மாதங்கள் கழித்து விழித்திரையை இழுத்துப் பிரிக்கும். அதனால்தான் ஒரே கண்ணுக்கு நான்கு அறுவை சிகிச்சை. அதனால்தான் 2016-இல் பட்ட காயம் 2016-இல் முடிவதில்லை.

முதலில் கேட்க வேண்டியது எண்ணெய் பற்றி. பிரிந்த விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் சிலிகான் எண்ணெய் நிரப்புவார்கள். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில் அதை வெளியே எடுக்க வேண்டும். ஊரடங்கு, பணமில்லாமை, 'இனி என்ன பார்வை வரப்போகிறது' என்ற விரக்தி, இவற்றால் பலர் அந்தக் கடைசி அறுவை சிகிச்சைக்குப் போவதே இல்லை. நாள்பட்ட எண்ணெய் சிறு துளிகளாக உடைந்து, கண்ணீர் வெளியேறும் பாதையை அல்ல, கண்ணுக்குள்ளேயே சுரக்கும் நீர் வடியும் பாதையை அடைக்கும். கண் அழுத்தம் ஏறும், கருவிழியில் வெள்ளைப் பட்டை படியும், தலைவலியோடு கண் வலிக்கும். சிலருக்கு எண்ணெயை எடுத்தால் விழித்திரை மறுபடி பிரிந்துவிடும் என்பதால் டாக்டரே வேண்டுமென்று விட்டுவைப்பதும் உண்டு. ஏழு பேரும் தங்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துவந்து 'எண்ணெய் போட்டது எப்போது, எடுத்தது எப்போது, எடுக்கவில்லை என்றால் ஏன்' என்று ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இதற்கே ஒரு மாலை ஆகிவிடும். அந்த மாலையில் யாரும் வெறுங்கையோடு வீடு திரும்ப மாட்டார்கள்.

அடுத்தது சொட்டு மருந்து. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, சிவந்தபோதெல்லாம் கடையில் வாங்கி ஊற்றிக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. சிவப்பு போகும், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும், புரையும் வளரும். இரண்டுமே வலிக்காது. எல்லோரும் வீட்டில் இருக்கும் புட்டிகளைக் கொண்டுவந்து தரையில் வைக்கட்டும். திறந்து நான்கு வாரம் தாண்டியவை குப்பைக்கு. ஸ்டீராய்டு இருந்தால், யார் சொல்லி எத்தனை நாளாக ஊற்றுகிறார் என்று கேளுங்கள். டாக்டர் சொல்லி ஊற்றுகிறவர் தானாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரைப் பார்த்த பிறகுதான் குறைக்க வேண்டும்.

நல்ல கண்ணுக்கு வரும் ஆபத்துகளில் அரிதானது, ஆனால் தவறவிடக் கூடாதது ஒன்று உண்டு. துளைபட்ட கண்ணின் திசுவை உடல் அந்நியமாகப் பார்க்கத் தொடங்கி, அடிபடாத கண்ணையும் சேர்த்துத் தாக்கும். பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் வரும். பல ஆண்டுகள் கழித்து வந்ததும் உண்டு. வெளிச்சம் பட்டால் கூசுவது, கிட்டத்து எழுத்து திடீரென மங்குவது, நல்ல கண்ணில் சிவப்பும் வலியும், இவையே அடையாளம். நாட்கணக்கில் சிகிச்சை தொடங்கினால் கண்ணைக் காப்பாற்றலாம், மாதக்கணக்கில் விட்டால் கஷ்டம். விழித்திரை பிரிவதற்கு அடையாளம் வேறு: மின்னல் போன்ற ஒளி, திடீரெனக் கரும்புள்ளிக் கூட்டம், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல். அன்றே போக வேண்டும். கிராமத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு இது வந்தால் யாரிடம் வண்டி இருக்கிறது, யார் கூடப் போவது, ஸ்ரீநகரில் எங்கே இறங்குவது என்பதை இப்போதே பேசி வைக்கட்டும். பரஸ்பர ஆதரவு என்று புத்தகத்தில் படிப்பீர்களே, அது இதுதான்.

மாதக் கூட்டம் தொடங்கும்போது பத்து நிமிடப் பரிசோதனை ஒன்றை வழக்கமாக்கலாம். சுவரில் ஒரே இடத்தில் ஒரு நாட்காட்டி. மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒரு குறி. ஒவ்வொருவரும் அங்கே நின்று, மோசமான கண்ணைக் கையால் மூடி, வழக்கமான கண்ணாடியோடு எந்த வரிசை வரை படிக்க முடிகிறது என்று சொல்ல வேண்டும். பிறகு கதவு நிலையைப் பார்த்து, நேர்கோடு வளைந்து தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். அதே வீடு, அதே விளக்கு இருந்தால்தான் போன மாதத்தோடு ஒப்பிட முடியும். இது டாக்டர் பரிசோதனைக்கு மாற்றாகாது. கண் அழுத்தத்தை ஆண்டுக்கு இருமுறையாவது மருத்துவமனையில் பார்த்தாக வேண்டும், அடிபட்ட கண், நல்ல கண் இரண்டிலும்.

ஷோபியான் என்றால் ஆப்பிள் தோட்டம். கவாத்து செய்யும்போது திரும்பி அடிக்கும் கிளையும், மருந்தடிக்கும்போது தெறிக்கும் துளியும் ஒற்றைக் கண்காரருக்குப் பெரும் எதிரிகள். பவர் தேவையில்லை என்றாலும் அவர்கள் தினமும் பாலிகார்பனேட் கண்ணாடி அணிய வேண்டும். நடுவில் 2 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். கிரிக்கெட் ஆடுகிறவருக்கு 3. சாதாரணக் கண்ணாடி அடிபட்டால் உடைந்து உள்ளே போகும். மொத்தமாக ஆறு ஜோடி வாங்கினால் கடையில் விலை குறைப்பார்கள். குழுவின் பொதுப்பணம் முதலில் இதற்குப் போகட்டும்.

எல்லோருடைய பையிலும் ஓர் அட்டை வேண்டும். 'என் உடலில் உலோகத் துகள்கள் உள்ளன, எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் எக்ஸ்-ரே அல்லது சி.டி. பார்க்கவும்' என்று உருதுவிலும் ஆங்கிலத்திலும். எடுப்பது இன்னும் ஆபத்து என்பதால் கண்குழியிலும் முகத்திலும் மார்பிலும் பெல்லட்டுகளை அப்படியே விட்டிருப்பார்கள். உருண்டை எந்த உலோகம் என்று வெளியிலிருந்து தெரியாது. இரும்பு கலந்ததாக இருந்தால் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் அதை நகர்த்திவிடும். ஈயமாக இருந்து உடலில் நிறைய தங்கியிருந்தால், ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

செயற்கைக் கண் வைத்தவர் இருந்தால், புதிதாக வைப்பவருக்குச் சொல்லித்தர அவரைவிடச் சிறந்த ஆள் இல்லை. மேலிமையைத் தூக்கி, கண்ணை மேல்நோக்கிச் செருகி, கீழிமையை இழுத்துவிட வேண்டும். கழற்றும் முன் கழுவுதொட்டியில் துணி விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் நழுவிச் சாக்கடைக்குப் போய்விடும். ஸ்பிரிட்டால் துடைத்தால் அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும். வெதுவெதுப்பான நீரும் குழந்தை சோப்பும் போதும். அடிக்கடி கழற்றினால் குழி புண்ணாகி நீர் வடியும். ஆண்டுக்கொருமுறை மெருகு போட வேண்டும், ஐந்தாண்டு வாக்கில் புதிது தேவைப்படும்.

இனி, கூட்டத்தின் ஒரே கண்டிப்பான விதி. 'அன்றைக்கு நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்' என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அடிபட்டவர்களில் ஊர்வலத்தில் போனவர் இருப்பார், கல்லெறிந்தவர் இருப்பார், பால் வாங்கப் போனவரும் ஜன்னலோரம் நின்ற சிறுமியும் இருப்பார்கள். இந்தக் கேள்வியை ஊர் கேட்டிருக்கும், உறவினர் கேட்டிருப்பார்கள், பெண் கொடுக்க வந்தவர்கள் கேட்டிருப்பார்கள். நிரபராதி, அப்படியில்லாதவர் என்று அறைக்குள்ளேயே இரண்டு வரிசை உருவானால் குழு அன்றோடு உடைந்தது. ஒருவர் தானாகச் சொன்னால் கேட்கலாம். அறிவுரை வேண்டாம், ஒப்பீடு வேண்டாம். இரண்டு கண்ணும் போனவர் முன்னால் ஒற்றைக் கண்காரர்கள் தங்கள் வலியைச் சொல்லவே கூசுவார்கள். அதையும் வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டும். வருவதை நிறுத்திய இருவரில் யாராவது இந்தக் காரணத்துக்காக விலகியிருக்கலாம். அவர்கள் வீட்டுக்கு உங்கள் தோழியின் தம்பி தனியாகப் போகட்டும். 'ஏன் வரவில்லை' என்று கேட்காமல் 'கண் எப்படி இருக்கிறது' என்று தொடங்கட்டும்.

அறையை அமைப்பதிலும் கவனம் வேண்டும். யாரும் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம். எதிரில் இருப்பவருக்கு முகம் தெரியாமல் கூசும். ஒற்றைக் கண்காரரின் பார்வையுள்ள பக்கத்தில் அமருங்கள். பேசும் முன் பெயரைச் சொல்லுங்கள். நூன் சாய் (உப்புத் தேநீர்) கோப்பையை வைக்கும்போது 'உங்கள் வலது முழங்காலுக்கு முன்னால்' என்று வாயால் சொல்லி வையுங்கள். ஒற்றைக் கண்ணில் ஆழம் தெரியாது என்பதால் சமோவாரிலிருந்து ஊற்றும்போது சிந்தும்; அதன் மூக்கைக் கோப்பை விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றினால் சிந்தாது. பார்வையில்லாதவர் ஃபெரன் என்ற நீள அங்கிக்குள் காங்கிரி என்ற தணல் சட்டியை வைத்துக்கொள்வதில் தீக்காய அபாயம் உண்டு. தணல் விரிந்த பிறகு சாம்பல் போர்த்தி, கைப்பிடி எந்தப் பக்கம் என்று தொட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் வேண்டும். படுக்கையில் வேண்டவே வேண்டாம். அவரை நடத்திப் போகிறவர் கையைப் பிடித்து இழுக்காமல், தன் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள விட்டு அரை அடி முன்னால் நடக்கட்டும். டேராடூனில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறன் நிறுவனத்தில், வளர்ந்த பிறகு பார்வை இழந்தவர்களுக்குப் பயிற்சி உண்டு. அதுவரை, செல்போனில் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் வசதியைப் பழக்க இரண்டு மாலை போதும்.

பெண்கள் யாரும் அந்த ஏழு பேரில் இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறோம். அடிபட்ட பெண்கள் அந்தப் பகுதியிலும் இருப்பார்கள், வீட்டுக்குள் இருப்பார்கள். அவர்களுக்குத் தனிக் கூட்டம் தேவை. உங்கள் தோழி தொடங்கலாம்.

காகித வேலைக்கு வருவோம். உங்கள் படிப்பு நேராகப் பயன்படும் இடம் இதுதான். மத்திய அரசின் அளவீட்டு விதிப்படி, ஒரு கண் முற்றிலும் போய் மறுகண் 6/18 (மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் பார்வை) அல்லது அதைவிட நன்றாக இருந்தால் ஊனம் 30 சதவீதம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வேலை ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 வேண்டும். மருத்துவக் குழு ஏமாற்றிவிட்டதாகப் பலர் கோபப்படுகிறார்கள்; அட்டவணையே அப்படித்தான். ஆனால் நல்ல கண்ணின் பார்வை, கண்ணாடி போட்ட பிறகும், 6/24-க்கு இறங்கினால் கணக்கு 40-ஐத் தாண்டி 60 ஆகிவிடும். அந்தக் கண்ணிலும் பெல்லட் பட்டிருந்தால் பார்வைப் பரப்பு சுருங்கியிருக்கலாம். அதையும் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பல இடங்களில் எழுத்தை மட்டும் படிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எழுதுவதில் சிரமம் என்று மருத்துவ அதிகாரி சான்று தந்தால், 40 இல்லாதவரும் தேர்வில் உதவி எழுத்தாளரும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்கலாம். 2021-இல் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் திறந்த கதவு அது.

காஷ்மீருக்கே உரிய சிக்கல் ஒன்று. கைதுக்குப் பயந்து 2016-இல் பலர் மருத்துவமனையில் வேறு பெயர் கொடுத்தார்கள். இன்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம், பழைய காகிதத்தைத் திருத்தவும் கூடாது. திருத்தினால் அதுவே குற்றமாகும். ஊனச் சான்று, கண் இன்று எப்படி இருக்கிறது என்பதை வைத்துத் தரப்படுவது, எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. சொந்தப் பெயரில் புதிதாகப் பரிசோதனை செய்து விண்ணப்பித்தால் போதும். இழப்பீட்டு வழக்கு வேறு விஷயம். அங்கே இந்தப் பெயர் முரண்பாடு நிச்சயம் வரும். மாநில மனித உரிமை ஆணையம் 2019-இல் மூடப்பட்டது, தேசிய ஆணையம் ஓராண்டுக்கு மேற்பட்ட சம்பவத்தை எடுக்காது. எஞ்சியிருப்பது உயர்நீதிமன்ற ரிட் மனு. ஊனமுற்றோர் என்ற அடிப்படையில், வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். குழு யாரையும் தள்ளக் கூடாது.

பாதுகாப்புக்கு: பெயர்ப் பட்டியல், காயத்தின் படம், கூட்டத்தின் படம் எதுவும் வாட்ஸ்அப்பில் வேண்டாம். போன் யார் கைக்கும் போகலாம். 2019 ஆகஸ்டில் இணையம் நின்றது. 4ஜி திரும்ப வந்தது 2021 பிப்ரவரியில். ஆகவே போன் இல்லாமலும் நடக்கும்படி, 'மாதத்தின் முதல் ஞாயிறு, இன்ன வீடு' என்று நிலையாக இருக்கட்டும். பணம் இரண்டு பேர் கையில், கணக்கு எல்லோர் காதிலும் படும்படி வாசிக்கப்பட வேண்டும். ஒருவருக்கு உதவித்தொகை வந்து மற்றவருக்கு வராதபோதுதான் சந்தேகம் முளைக்கும். வெளியிலிருந்து யாராவது பெரிய தொகையோடு வந்தால், பதிலுக்கு என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

சிலி நாட்டில் 2019 போராட்டங்களில் போலீஸின் குண்டுகளாலும் கண்ணீர்ப்புகைக் குப்பிகளாலும் நானூறுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயமடைந்தார்கள். இரு கண்களையும் இழந்த ஃபாபியோலா காம்பிஜாய் 2021-இல் செனட்டராகத் தேர்வானது பலருக்குத் தெரியும். அதே பாதிக்கப்பட்டவர்களில் சிலர் ஆண்டுகள் கழித்துத் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பதும் அந்த வரலாற்றில் இருக்கிறது. காயத்துக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஊர் மறந்த பிறகு, அந்த நாட்கள் வந்தன. டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலான் என்ற கடுங்குளிரின் நாற்பது நாள் காஷ்மீரில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபடும் காலம். அந்த நாட்களில் இருவர் இருவராக ஜோடி சேர்ந்து, வாரம் இருமுறை ஒருவரையொருவர் பார்க்கட்டும். ஒருவர் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கிறார், 'நான் பாரம்' என்கிறார் என்றால், 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். ஸ்ரீநகரில் மனநல மருத்துவமனை உண்டு. இதை நண்பர்களே தாங்கிக்கொள்ள முயல வேண்டாம்.

யாராவது இரண்டாவது கருத்துக்குச் சென்னை சங்கர நேத்ராலயாவுக்கோ மதுரை அரவிந்துக்கோ வர விரும்பினால், உங்கள் ஊர்த் தொடர்பு உதவும்: அறிக்கைகளை முன்கூட்டி அனுப்புவது, மருத்துவமனைக்கு அருகே அறை பார்ப்பது, இந்தி தெரிந்த ஒருவரைக் கூட நிறுத்துவது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் எண்ணெய்க்குப் பதில் வாயு நிரப்பியிருந்தால், அது முழுதும் கரையும் வரை விமானம் ஏறக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் தாறுமாறாக ஏறி, மிச்சப் பார்வையும் போகலாம். வாயுவைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் எட்டு வாரம் வரை ஆகும். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சாலையிலோ ரயிலிலோ போனாலும் டாக்டரிடம் 'நான் மலை ஊருக்குத் திரும்ப வேண்டும்' என்று சொல்லித் தேதி வாங்க வேண்டும். சமவெளி டாக்டருக்கு இது தானாகத் தோன்றாது.

கூட்டத்தில் நீங்கள் விருந்தாளி. குறிப்பேடு எடுத்துப் போகாதீர்கள், அவர்களை ஆய்வுத் தலைப்பாக்காதீர்கள். காகிதங்களை ஆங்கிலத்தில் படித்துச் சொல்வது, விண்ணப்பம் நிரப்புவது, அட்டை அச்சடித்துக் கொண்டுபோவது, இவை போதும். கிளம்பும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றே தோழியை போன் போடச் சொல்லி அவர் தம்பியிடம் கேளுங்கள்: இடது கண்ணில் எண்ணெய் இன்னும் இருக்கிறதா, வலது கண்ணின் அழுத்தத்தைக் கடைசியாகப் பார்த்தது எந்த மாதம்?